கால் வந்ததும் கஸ்டமர் பக்கம் திரையில் திறக்க: பிபிஎக்ஸையும் ஆபீஸ் சாஃப்ட்வேரையும் இணைப்பது எப்படி?

கேட்கப்பட்டது இது: கோவையில் பம்ப்செட் விற்பனையும் சர்வீஸும் செய்யும் கடை. ஆபீஸின் ஃபோன் எக்ஸ்சேஞ்சாக (பிபிஎக்ஸ்) ஃப்ரீபிபிஎக்ஸ் போட்டு 14 எக்ஸ்டென்ஷன் (உள் எண்) ஓடுகிறது. சர்வீஸ் பதிவுக்கு பிஎச்பி, மைஎஸ்க்யூஎல்லில் சொந்தமாக எழுதிய சாஃப்ட்வேர் அதே நெட்வொர்க்கில் இருக்கிறது. கஸ்டமர் கூப்பிட்டதும் அவர் பக்கம் திரையில் வர வேண்டும், திரையில் இருக்கும் எண்ணைத் தொட்டால் ஃபோன் போக வேண்டும். இதற்கென்று தனி சாஃப்ட்வேர் வாங்க வேண்டுமா? கிளையில் இருக்கும் பழைய பானசோனிக் எக்ஸ்சேஞ்சையும் சேர்க்க முடியுமா?

வாங்க வேண்டாம், நீங்களே எழுதலாம். ஃப்ரீபிபிஎக்ஸ் என்பது ஆஸ்டரிஸ்க் என்ற எக்ஸ்சேஞ்ச் சாஃப்ட்வேர் மேல் போர்த்திய ஒரு வெப் முகப்பு. அந்த ஆஸ்டரிஸ்க்கில் வெளி புரோகிராம்கள் பேசுவதற்கான வழி கூடவே வருகிறது, அதற்குத் தனி லைசென்ஸ் கட்டணம் எதுவும் இல்லை. பிபிஎக்ஸோடு இணைப்பது இதில் சின்ன வேலை. நேரம் தின்பவை வேறு இரண்டு: வந்த எண் யாருடையது என்று சரியாகக் கண்டுபிடிப்பது, ஒரு கால் எங்கே தொடங்கி யாரிடமெல்லாம் போய் எங்கே முடிந்தது என்று கணக்கு வைப்பது. விலை கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேரும் இந்த இரண்டில்தான் சொதப்புகிறது. உங்கள் கஸ்டமர் பட்டியல் எப்படி இருக்கிறது என்று அதை எழுதியவர்களுக்குத் தெரியாதல்லவா.

முதலில் எந்த வழியில் இணைப்பது என்று பார்ப்போம். ஆஸ்டரிஸ்க்கில் மூன்று உண்டு. ஏஜிஐ என்பது டயல்பிளான் (வரும் கால் எங்கே போக வேண்டும் என்ற விதிகள்) நடுவில் ஒரு ஸ்கிரிப்ட்டைக் கூப்பிடுவது. அந்த ஒரு காலுக்கு மட்டும் வேலை செய்துவிட்டு முடிந்துவிடும். ஏஆர்ஐ 2013இல் ஆஸ்டரிஸ்க் 12 உடன் வந்தது. எச்டிடிபி வழியாகக் கட்டளை, வெப்சாக்கெட் வழியாக ஜேசன் வடிவில் நிகழ்வுகள். காலை எடுப்பது, ஒலி இயக்குவது, இருவரை இணைப்பது எல்லாவற்றையும் உங்கள் புரோகிராமே நடத்தப் போகிறது என்றால் அது சரி. உங்களுக்கு வேண்டியது மூன்றாவதான ஏஎம்ஐ. பிபிஎக்ஸில் நடப்பதை எல்லாம் ஓரமாக நின்று கேட்கலாம், தேவைப்பட்டால் ஒரு கட்டளையும் கொடுக்கலாம்.

ஏஎம்ஐ மிக எளிமையானது. 5038ஆம் போர்ட்டில் டிசிபி இணைப்பு. ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், முக்காற்புள்ளி, ஒரு மதிப்பு. வெற்று வரி வந்தால் அந்தச் செய்தி முடிந்தது. ரெடிமேட் கோட் லைப்ரரி எதையும் தேடுவதற்கு முன்னால் டெல்நெட்டில் இணைந்து, கையாலேயே லாகின் வரிகளைத் தட்டி உள்ளே போய், உங்கள் மொபைலிலிருந்து கடை எண்ணுக்கு ஒரு கால் போட்டுப் பாருங்கள். திரையில் ஓடுவதைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். ஓர் எச்சரிக்கை: இணையத்தில் கிடைக்கும் பிஎச்பி உதாரணங்களில் பல, பதிப்பு 12க்கு முந்தையவை. அந்தப் பதிப்பில் நிகழ்வுகளின் பெயர்களே மாறிவிட்டன. பழைய 'டயல்', 'பிரிட்ஜ்' போய் 'டயல் பிகின்', 'டயல் எண்ட்', 'பிரிட்ஜ் என்ட்டர்', 'பிரிட்ஜ் லீவ்' என்று வந்துவிட்டது. பழைய உதாரணத்தை அப்படியே ஒட்டினால் பிழைச் செய்தி எதுவும் வராது, காரியமும் நடக்காது.

உங்கள் பிஎச்பி பக்கங்கள் ஏஎம்ஐயை நேரடியாகத் தொடவே கூடாது. பக்கம் திறக்கும்போதெல்லாம் லாகின் செய்து, கேட்டுவிட்டு, வெளியே வருவது என்று பலரும் எழுதுகிறார்கள். நிகழ்வுகளைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் வேண்டும். அதனால் நடுவில் ஒரு சின்னச் சேவை வையுங்கள். பைத்தானிலோ நோடிலோ எழுதி, லினக்ஸில் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியில் போட்டுவிட்டால் சர்வர் எழுந்ததும் தானாக எழுந்துகொள்ளும். அந்தச் சேவை ஒன்றுதான் ஏஎம்ஐயில் லாகின் செய்யும், பாஸ்வேர்டு அதனிடம் மட்டும் இருக்கும். அது நிகழ்வுகளைச் சுருக்கி, '203ஆம் எக்ஸ்டென்ஷனில் இந்த எண்ணிலிருந்து மணி அடிக்கிறது', '203 எடுத்தாயிற்று', 'முடிந்தது' என்ற மூன்று நான்கு செய்திகளாக வெப்சாக்கெட் வழியே உலாவிக்கு அனுப்பும். நாளைக்கு பிபிஎக்ஸ் மாறினால் இந்தச் சேவையை மட்டும் மாற்றினால் போதும், உங்கள் சாஃப்ட்வேரில் ஒரு வரிகூடத் தொட வேண்டாம். கிளையின் பானசோனிக்கையும் இதே இடத்தில்தான் சேர்க்கப் போகிறோம்.

இனி ஒரு காலைக் கிட்டத்தில் பார்ப்போம். சர்வீஸ் பிரிவின் ரிங் குரூப்பில் (ஒரே நேரத்தில் மணி அடிக்கும் குழுவில்) 201 முதல் 204 வரை நான்கு ஃபோன்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கஸ்டமர் கூப்பிட்டதும் டிரங்க்கில் (வெளி லைனில்) ஒரு சேனல், அதாவது காலின் ஒரு முனை, பிறக்கிறது. அதற்கு ஒரு யூனிக் ஐடி, 1735712345.880 என்பது மாதிரி. புள்ளிக்கு முன்னால் இருப்பது 1970 தொடக்கத்திலிருந்து எண்ணிய வினாடி, பின்னால் இருப்பது வரிசை எண். பிறகு நான்கு ஃபோன்களுக்கும் நான்கு சேனல்கள், ஒவ்வொன்றுக்கும் வேறு யூனிக் ஐடி. ஆக, நீங்கள் ஒரு கால் என்று நினைப்பது ஆஸ்டரிஸ்க்குக்கு ஐந்து சேனல். அவற்றைக் கட்டிப்போடுவது லிங்க்டு ஐடி. ஐந்திலும் அது ஒன்றே, முதல் சேனலின் யூனிக் ஐடிதான் அது. நான்கு 'டயல் பிகின்' வரும். 203 எடுத்தால் அதற்கு 'ஆன்சர்' என்ற நிலையோடு ஒரு 'டயல் எண்ட்', மற்ற மூன்றுக்கும் 'கேன்சல்' என்று. அப்புறம் இரண்டு 'பிரிட்ஜ் என்ட்டர்', கடைசியில் 'ஹேங்கப்'கள்.

லிங்க்டு ஐடியைப் பார்க்காமல் யூனிக் ஐடியை மட்டும் வைத்து ரிப்போர்ட் எழுதினால் என்ன ஆகும்? 203 பேசி முடித்த அந்த ஒரு காலுக்கு, மற்ற மூன்று பேர் கணக்கிலும் ஆளுக்கொரு மிஸ்டு கால் ஏறும். மாதக் கடைசியில் முதலாளி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சர்வீஸ் பிரிவுக்கு வருவார். இந்தச் சண்டையை ஒன்றுக்கு மேற்பட்ட ஆபீஸில் பார்த்திருக்கிறேன். மிஸ்டு கால் என்றால் ஒரு லிங்க்டு ஐடியின் கீழ் யாருமே எடுக்காதது மட்டும்தான். திரும்பக் கூப்பிட வேண்டியவர்கள் பட்டியலையும் அதிலிருந்தே எடுங்கள்.

டிரான்ஸ்ஃபர் இன்னும் கொஞ்சம் சிக்கல். 203 கஸ்டமரை ஹோல்டில் வைத்துவிட்டு மெக்கானிக்கின் 210ஐக் கூப்பிட்டுக் கேட்கிறார். அது புதிய சேனல், புதிய லிங்க்டு ஐடி. பிறகு காலை 210க்கு மாற்றிவிடுகிறார். இரண்டும் சேரும்போது 'அட்டெண்டட் டிரான்ஸ்ஃபர்' என்று ஒரு நிகழ்வு வரும், லிங்க்டு ஐடிகளில் பழையதே நிலைக்கும். உங்கள் சேவை இதைக் கவனித்து, 210இன் திரையில் மறுபடி அதே கஸ்டமர் பக்கத்தைத் திறக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் இடம் இது. ஆனால் 'என்ன பம்ப்புங்க, எந்த ஊருங்க' என்று இரண்டாம் முறை கேட்காமல் இருப்பதற்காகத்தானே இவ்வளவும் செய்கிறோம்? ரிங் குரூப்புக்குப் பதில் க்யூ (கூப்பிடுபவரை வரிசையில் நிறுத்துவது) போட்டிருந்தால் 'லோக்கல்' என்று தொடங்கும் சேனல்கள் ஜோடி ஜோடியாக நடுவில் வரும். அவை ஆஸ்டரிஸ்க்கின் உள்வேலை, திரைக்கு அனுப்பாதீர்கள்.

பக்கத்தை எப்போது திறப்பது? மணி அடிக்கும்போதே முழுப் பக்கத்தையும் திறந்தால், நான்கு பேரும் டைப் செய்துகொண்டிருந்த பில் மறைந்து, மூன்று பேருக்குச் சம்பந்தமில்லாத பக்கம் நிற்கும். மணி அடிக்கும்போது மூலையில் பெயரும் ஊரும் மட்டும் ஒரு சின்னப் பெட்டியில். எடுத்தவருக்கு மட்டும், அதுவும் புதிய டேபில், முழுப் பக்கம்.

எண் விஷயத்துக்கு வருவோம். பிஆர்ஐ (டிஜிட்டல் டெலிஃபோன்) லைனிலிருந்து பத்து இலக்கமாக வரலாம், முன்னால் சுழியத்தோடு வரலாம், எஸ்ஐபி டிரங்க் (நெட்வொர்க் வழியாக வரும் லைன்) என்றால் கூட்டல் குறியும் 91உம் சேர்ந்து வரலாம். எல்லாம் ஆபரேட்டர் விருப்பம். இந்திய எண்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: மொபைலும் பத்து இலக்கம், லேண்ட்லைனும் எஸ்டிடி கோடைச் சேர்த்தால் பத்து. சென்னைக்கு 44 போக எட்டு, கோவைக்கு 422 போக ஏழு. ஆகவே இலக்கம் அல்லாததை எல்லாம் உதறிவிட்டுக் கடைசிப் பத்தை எடுத்து ஒப்பிட்டால் போதும். வெளிநாட்டு எண்ணுக்கு இது செல்லாது. இலங்கையில் 94க்குப் பிறகு ஒன்பது இலக்கம், சிங்கப்பூரில் 65க்குப் பிறகு எட்டு. அப்படிக் கஸ்டமர்கள் இருந்தால் நாட்டுக் கோடோடு முழு எண்ணாகச் சேமித்து, முழுதாகவே ஒப்பிடுங்கள்.

தகராறு உங்கள் டேபிளில்தான் இருக்கும். ஒரே கட்டத்தில் சாய்கோடு போட்டு இரண்டு எண்கள், எஸ்டிடி கோடு இல்லாத ஏழு இலக்க லேண்ட்லைன், எண்ணுக்குப் பக்கத்திலேயே 'மகன்' என்ற குறிப்பு, எக்செல்லிலிருந்து ஏற்றும்போது அறிவியல் குறியீடாகச் சுருங்கிப் போன எண். இதை வைத்துக்கொண்டு எஸ்க்யூஎல்லின் 'லைக்' போட்டுத் தேடாதீர்கள், மெதுவாகவும் இருக்கும், தப்பாகவும் வரும். எண்களுக்கென்று தனி டேபிள் போடுங்கள்: கஸ்டமர் ஐடி, சுத்தம் செய்த பத்து இலக்கம், யாருடைய எண் என்ற குறிப்பு. பத்து இலக்கத்துக்கு ஒரு இண்டெக்ஸ். பழைய தரவை ஒருமுறை ஸ்கிரிப்ட் போட்டுப் பிரித்தால் பெரும்பகுதி தானாகச் சரியாகிவிடும். மீதியை கால் வரும்போது எடுப்பவரே திருத்தட்டும். 'இந்த எண்ணை இந்தக் கஸ்டமரோடு சேர்' என்று ஒரு பொத்தான் வைத்தால் போதும், டேபிள் நாளாக ஆகத் தெளிந்துவிடும்.

ஒரே எண்ணுக்கு இரண்டு மூன்று கஸ்டமர் வருவதும் சகஜம். அண்ணன் தம்பி இருவர் தோட்டத்துக்கும் ஒரே மொபைல், அல்லது ஒரு மில்லின் போர்டு எண். அப்போது பட்டியலைக் காட்டுங்கள், முதலாவதைத் தானாகத் திறக்காதீர்கள். உங்கள் கடையில் தவறான பக்கம் திறந்தால் ஒரு சர்வீஸ் பதிவு இடம் மாறும், அவ்வளவுதான். இதே வேலையை ஆஸ்பத்திரிக்கோ லேபுக்கோ செய்பவர்கள் இந்த ஒரு வரியை மறக்கவே கூடாது.

கம்ப்யூட்டரே இல்லாத இடத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. குடோனில் இருப்பவருக்குத் திரை கிடையாது, மேசை ஃபோன் மட்டும்தான். டயல்பிளான் கால் வந்த உடனே உங்கள் சாஃப்ட்வேரை எச்டிடிபியில் 'இந்த எண் யார்?' என்று கேட்டு, வரும் பெயரை காலர் ஐடி பெயராக வைத்துவிடலாம். ஃப்ரீபிபிஎக்ஸில் காலர் ஐடி லுக்கப் என்ற மாட்யூல் இதற்காகவே இருக்கிறது. மொத்த வேலையிலும் குறைந்த செலவில் அதிகப் பலன் தருவது இதுதான் என்பது என் கருத்து. முதலில் இதைச் செய்துவிடுங்கள். கவனிக்க வேண்டியது இரண்டு. பதிலுக்கு ஒரு வினாடிக்கு மேல் காத்திராதபடி டைம் அவுட் வையுங்கள், இல்லையென்றால் உங்கள் டேட்டாபேஸ் திணறும்போது கடைக்கு வரும் எல்லாக் கால்களும் சேர்ந்து திணறும். இன்னொன்று, பல மேசை ஃபோன்களில் தமிழ் எழுத்துரு இல்லை; பெயர் கட்டம் கட்டமாக வரும். பெயரை ஆங்கில எழுத்திலும் ஒரு புலத்தில் வைத்திருப்பது நல்லது.

இதுவரை சொன்னது எல்லாம் கேட்பது. கேட்பதில் ஆபத்து குறைவு. கிளிக் செய்து கூப்பிடுவது கட்டளை கொடுப்பது, அதில் காசு இருக்கிறது. ஆகவே கேட்கும் பகுதி சில வாரம் ஒழுங்காக ஓடிய பிறகு இதைத் தொடங்குங்கள்.

இதற்கான ஏஎம்ஐ கட்டளை 'ஒரிஜினேட்'. அது முதலில் உங்கள் ஆளின் மேசை ஃபோனில் மணி அடிக்கும், அவர் எடுத்த பிறகே கஸ்டமருக்கு டயல் செய்யும். முதல்முறை பார்ப்பவர்கள் 'எனக்கே கால் வருகிறதே' என்று வைத்துவிடுவார்கள். காலர் ஐடியில் கஸ்டமர் பெயரைப் போட்டு அனுப்பினால் எதற்கு அடிக்கிறது என்று ஃபோனிலேயே தெரியும். 'அசிங்க்' என்ற புலத்தை இயக்கி அனுப்புங்கள். இல்லையென்றால் எடுக்கும்வரை அந்த இணைப்பு அடுத்த கட்டளையை வாங்காமல் அடைபட்டு நிற்கும். எந்த எக்ஸ்டென்ஷனிலிருந்து கூப்பிடுவது என்பதை உலாவி சொல்லக் கூடாது. லாகின் செய்த ஆளுக்கு இன்று எந்த எக்ஸ்டென்ஷன் என்று உங்கள் சர்வரே பார்த்து முடிவு செய்ய வேண்டும். உலாவி அனுப்புவதை நம்பினால், யார் வேண்டுமானாலும் முதலாளி ஃபோனிலிருந்து கால் போடலாம்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்காதீர்கள். 5038 இணையத்தை நோக்கித் திறந்திருக்கவே கூடாது. ஏஎம்ஐ வழக்கமாகப் பாஸ்வேர்டையும் மறைக்காமல் அனுப்பும். நடுச்சேவை அதே மெஷினில் இருந்தால் 127.0.0.1இல் மட்டும் கேட்கவையுங்கள். வேறு மெஷின் என்றால் அந்த ஒரு ஐபிக்கு மட்டும் அனுமதி. சேவைக்கென்று தனி யூசர். வாசிக்க 'கால்', 'ஏஜென்ட்', எழுத 'ஒரிஜினேட்', 'ரிப்போர்ட்டிங்'. 'சிஸ்டம்', 'கமாண்ட்' இரண்டையும் கொடுக்காதீர்கள், அவை சர்வரின் சாவிகள். வாசிக்கும் அனுமதியைக் குறைத்தால் இன்னொரு லாபமும் உண்டு: எல்லாவற்றையும் திறந்துவிட்டால் ஒவ்வொரு வேரியபிள் மாற்றமும் ஆர்டிசிபி (ஒலித் தர) கணக்கும் வந்து கொட்டும், வேண்டியது அதற்குள் புதைந்துவிடும். ஒரிஜினேட் போகும் கான்டெக்ஸ்ட்டில் (டயல்பிளானின் பகுதியில்) ஐஎஸ்டி கூடவே கூடாது. பிபிஎக்ஸுக்குள் நுழைந்தவர்கள் சனி ஞாயிறு இரவுகளில் வெளிநாட்டுக்கு விடாமல் கால் போட்டுப் பில் ஏற்றுவது உலகம் முழுக்க நடக்கும் பழைய மோசடி.

இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்பதை முதல் நாளே எழுதிவிடுங்கள். ஆஸ்டரிஸ்க் ரீஸ்டார்ட் ஆகும், நெட்வொர்க் ஸ்விட்ச் மின்வெட்டில் விழும். அறுந்திருந்த நேரத்து நிகழ்வுகள் போனது போனதுதான், திரும்ப வராது. மறுபடி இணைந்ததும் 'கோர் ஷோ சேனல்ஸ்' கட்டளையால் இப்போது ஓடும் கால்களின் பட்டியலை வாங்கி, உங்கள் கணக்கை அதற்கேற்பத் திருத்துங்கள். இதைச் செய்யாவிட்டால் நேற்று மாலை தொடங்கிய கால் ஒன்று இன்று காலையும் 'பேசிக்கொண்டிருக்கிறார்' என்று திரையில் நிற்கும். நடந்து முடிந்த கால்களின் கணக்குக்கு நிகழ்வுகளை நம்பாமல் ஆஸ்டரிஸ்க் எழுதும் கால் விவரப் பதிவான சிடிஆர் டேபிளை, வாசிக்க மட்டும் அனுமதியுள்ள யூசராக, பாருங்கள். ஃப்ரீபிபிஎக்ஸ் அதில் லிங்க்டு ஐடியும் ரெக்கார்டிங் ஃபைல் பெயரும் வைக்கிறது. ரெக்கார்டிங்கைக் கஸ்டமர் பக்கத்தில் காட்ட இதுவே போதும். சுருக்காத வேவ் ஃபைல் மணிக்குச் சுமார் 58 எம்பி பிடிக்கும், டிஸ்க் அளவை அதை வைத்துக் கணக்கிடுங்கள். பதிவு செய்யப்படுகிறது என்று கூப்பிடுபவருக்குத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள்.

கிளையின் பானசோனிக். இந்த மாதிரி எக்ஸ்சேஞ்சுகளில் இரண்டு வாசல் இருக்கும். ஒன்று எஸ்எம்டிஆர். ஹோட்டல்களில் அறைக்கு ஃபோன் பில் போட்டுக்கொண்டிருந்த அதே கால் பட்டியல்தான். பழையவற்றில் சீரியல் கேபிள், பிந்தையவற்றில் நெட்வொர்க் வழியாக 2300ஆம் போர்ட். பெரும்பாலும் கால் முடிந்த பிறகே வரி வரும், ஆகவே ரிப்போர்ட்டுக்கு ஆகும், திரையில் பக்கம் திறக்க ஆகாது. இரண்டாவது சிடிஐ (கம்ப்யூட்டரையும் ஃபோனையும் சேர்க்கும்) இணைப்பு. கேஎக்ஸ் வரிசையில் மாடலைப் பொறுத்து கார்டோ ஆக்டிவேஷன் கீயோ கேட்கலாம், அதன் மேல் டாப்பி டிரைவர் அல்லது சிஎஸ்டிஏ.

இந்தப் பெயர்கள் கொட்டேஷனில் வரும், அதனால் ஒரு வார்த்தை. டாப்பி 1993இல் மைக்ரோசாஃப்ட்டும் இன்டெல்லும் கொண்டுவந்தது. மேசைக் கம்ப்யூட்டர் தன் பக்கத்து ஃபோனைக் கட்டுப்படுத்துவது என்ற எண்ணத்தில் பிறந்தது. அதே காலத்தில் நாவெலும் ஏடி அண்டு டியும் கொண்டுவந்த டிஎஸ்ஏபிஐ, சர்வர் ஒன்று எக்ஸ்சேஞ்சோடு பேசி எல்லா எக்ஸ்டென்ஷனையும் கவனிப்பது என்ற எதிர்த் திசையிலிருந்து வந்தது. சிஎஸ்டிஏ என்பது எக்மா அமைப்பு 1992 முதல் வெளியிட்டுவரும் பொதுத் தரம், அதுவும் சர்வர் வழிதான். உங்களுக்கு வேண்டியது இந்த இரண்டாம் வகை. டாப்பி டிரைவர்தான் கிடைக்கும் என்றால், சர்வரில் போட்டு எல்லா எக்ஸ்டென்ஷனையும் பார்க்க முடியுமா, ஒவ்வொரு மேசையிலும் தனித்தனியாகப் போட வேண்டுமா என்று கேளுங்கள். 64 பிட் விண்டோஸுக்கு 64 பிட் டிரைவரே வேண்டும் என்பதையும் கேட்டு உறுதிசெய்யுங்கள். பழைய எக்ஸ்சேஞ்சுகளில் திட்டம் நின்றுபோவது பெரும்பாலும் இங்கேதான்.

என்னைக் கேட்டால் கிளைக்கு அதையும் வாங்க மாட்டேன். பானசோனிக் இந்தத் தொழிலையே விட்டுப் போய்விட்டது. இனிமேல் கீ, கார்டு எல்லாம் பழைய சரக்குக் கடையில் தேட வேண்டும். கிளையில் இருப்பது நாலைந்து மேசைதான் என்றால், அதே செலவில் ஐபி ஃபோன்கள் வாங்கி, விபிஎன் போட்டு, உங்கள் ஃப்ரீபிபிஎக்ஸின் எக்ஸ்டென்ஷன்களாகவே சேர்த்துவிடலாம். மேலே சொன்ன எல்லாம் கிளைக்கும் அப்படியே கிடைக்கும். கிளையின் லேண்ட்லைன் அங்கேயே இருக்க வேண்டுமானால் ஒரு எஃப்எக்ஸ்ஓ கேட்வே (லேண்ட்லைனை ஐபி எக்ஸ்சேஞ்சோடு சேர்க்கும் பெட்டி) போதும். கேட்வே வாங்கும்போது, பிஎஸ்என்எல் லைனில் வரும் காலர் ஐடியை அது எடுக்கிறதா என்று உங்கள் லைனிலேயே மாட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். எண் வரவில்லை என்றால் இதில் எதுவுமே நடக்காது.